கழிவு

வெள்ளி இரவு ஏழு மணிக்கு மேல்
ஹட்டனில் பேக்கரியின் மேல்மாடி எங்களுடையது.
கீழே கடைசித் தட்டு மாலு பணிஸ் வேகிறது.
வெளியே மூட்டம் பஸ் ஸ்டாண்டைத் தின்றுவிட்டது.
மேசையில் கட்டம் போட்ட கொப்பித்தாள்,
அதில் ஒரு நகரம், அதில் ஒரு சந்தை,
சந்தையில் மந்திரப் பொருள் விற்கும் குள்ளன்.
குள்ளன் நான்தான்.
நகரமும் நான்தான். மழையும்.

பகலில் நான் வங்கியின் அடகுப் பிரிவில்
பவுணை உரைகல்லில் இழுத்து
அமிலம் ஒரு துளி விட்டு
விலை சொல்லுகிறவள்.
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு,
வளையலின் உட்பக்கம் ஒட்டிய
பத்து வருஷ அழுக்குக்கும் கழிவு.
இதைத் தெரிந்துதான் விலைக் கொப்பியை
என் கையில் தந்தார்கள்.

விதியை நானே எழுதினேன்.
மந்திரத்தின் படியை அதே படியால் பெருக்கு,
பிறகு இருநூறு பொன்னால்.
ஒரே ஒரு வேலைதான் செய்யும் என்றால் பாதி.
சாபம் ஒட்டியிருந்தால் அதிலும் பாதி.
கால் நாறுவதும் சாபம்தானே என்று
ரிஃப்கான் வாதாடினான். இல்லை.

அவன் கேட்டது அட்டை ஏறாத சப்பாத்து.
இரண்டாம் படி, எண்ணூறு பொன்.
துணிக்கடைப் பிள்ளை, விடுவானா?
அரைமணி நேரம் இழுத்து
அறுநூற்றைம்பதில் முடித்தான்.

தனராஜ் கேட்டான் அணையாத விளக்கு.
கரண்ட் போன இரவில் கேட்டதால்
இரங்கிக் குறைத்தேன்.
அடுத்த மூன்று குகைகளிலும்
இருட்டை நம்பி நான் ஒளித்துவைத்தவை எல்லாம்
வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு நின்று செத்தன.

ஜெசிந்தா ஒன்றும் கேட்டதில்லை.
நோர்வூட்டிலிருந்து வருவாள்,
எட்டேகாலுக்குக் கடைசி பஸ்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்,
காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி.
இந்த வெள்ளி சொன்னாள்:
"எனக்கு ஒரு தராசு வேணும். பொய் சொல்லாதது."
"வேற?"
"வேற ஒன்னும் அது செய்ய வேணாம்."

முதலாம் படி. இருநூறு.
எடையை மட்டும் சொல்லும், ஆகவே பாதி.
நூறு பொன்.
எங்கள் சந்தையில் கோவேறு கழுதை இதைவிட விலை.

பென்சில் அங்கேயே நின்றது.
அந்த நகரத்தில் தானியம் நிறுக்கும் கணக்கப்பிள்ளைகளை
நான்தான் படைத்தேன்,
ஆளுக்கொரு தொப்பையும் கொடுத்து.
அவர்களில் எவனும் இதை நூறுக்கு விற்க விடமாட்டான்.
வாங்கி உடைப்பதற்கே ஐயாயிரம் தருவான்.
யார் பயப்படுவார்கள் என்பதற்கு
என் விதியில் பெருக்கல் இல்லை.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று
ஜெசிந்தா இந்த மேசையில் பேசியதும் இல்லை.

"ஐயாயிரம்" என்றேன்.
"அநியாயம்!" ரிஃப்கான் எழும்பியே விட்டான்.
அவள் பேரம் பேசவில்லை.
வாளை விற்றாள்.
எரிமலை நாகத்திடம் அடித்த பங்கை விற்றாள்.
மின்னி என்று பெயர் வைத்த குதிரையை
அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து
தாள் கிழிகிற வரை விற்றாள்.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.
இருபது குறைகிறது.

குள்ளன் தாடியைச் சொறிந்தான்.
"தட்டில் கொஞ்சம் அழுக்கு இருக்கு,
இருபது கழிச்சிக்கலாம்" என்றான்.
வாங்க வருகிறவருக்காக
நான் கழித்த முதல் கழிவு.

"சரி, தராசு உன் கையில்.
எங்கே போகிறாய்?
தானியக் களஞ்சியத்துக்கா, வரிச் சாவடிக்கா?"

மணி எட்டு மூன்று.
இருபது முகக் காயை எடுத்தாள்,
உருட்டாமல் வைத்தாள்.
"அந்த ஊர்ல அடகுக்கடை இருக்கா?"

இருந்தது.
போன மாதம் மூலைக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறதே என்று
நான் வரைந்தது.
கதவு திறக்கிறது. வாசல் மணி ஆடுகிறது.
தனராஜ் பணிஸைக் கடிக்காமல் பார்த்திருக்கிறான்.
கடைக்காரனின் குரலை
நான்தான் பேசவேண்டும்.